ரொட்டியில் போடாத தேங்காய்ப்பூ: நீரிழிவுக் கர்ப்பத்தில் கொழுப்பும் பிள்ளையும்

(கொஸ்லந்தையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உங்களில் பலர் விடியக் காலையில் கூடை மாட்டி, அரைப்பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, மலையிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்குகிறேன்.

எங்கள் அம்மாவுக்குத் தலைப்பிள்ளை ஆண். எனக்கு அண்ணன். நான் பார்த்ததில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தபோது நிறுத்துப் பார்த்தவர்கள் ஒன்பது றாத்தல் என்றார்களாம். அரிசியும் மாவும் கூப்பனில் வந்த காலத்தில் லயத்தில் ஒன்பது றாத்தல் பிள்ளை! வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆச்சி வெற்றிலை வாங்கிக் கொடுத்தாள். இரவு ஏற ஏறப் பிள்ளை சோர்ந்தது. பால் பிடிக்கவில்லை. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. உடம்பு சில்லிட்டது. விடியும்போது மூச்சில்லை. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். அம்மா கடைசிவரை அதையே நம்பினார். நாற்பது வயதில் அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்தபோதும் யாரும் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மருத்துவபீடத்தில் படிக்கும்போது ஒருநாள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். அதில் அண்ணன் படுத்திருந்தார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது கோபன்ஹேகன் மருத்துவர் யோர்கன் பீடர்சன் 1950களின் தொடக்கத்தில் முன்வைத்த விளக்கம். தாயின் குருதியிலுள்ள குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளைக்குப் போகும். சூல்வித்தகம் என்றால் நம் ஆச்சிமார் நஞ்சுக்கொடி என்பது. தாயின் இன்சுலின் அதைக் கடக்காது. வந்து குவிகிற சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. அந்த இன்சுலின் பிள்ளையைப் பெருக்கவைக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரும் வழி அடைபட்டுவிடும். ஆனால் பிள்ளையின் இன்சுலின் உடனே அடங்காது. சில மணி நேரத்திற்குள் பிள்ளையின் சீனி அதலபாதாளத்துக்கு இறங்கும். நடுக்கம், சோர்வு, வலிப்பு. இன்று அதற்கு வழி இருக்கிறது. முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால், குதிகாலில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துச் சீனி பார்ப்பது, தேவைப்பட்டால் நரம்பில் குளுக்கோசு. அன்று அந்த ஆஸ்பத்திரியில் தராசு மட்டும்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. இப்படிப் பிறக்கும் சில பிள்ளைகளின் இதயத்தில் இடது, வலது அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் தடித்திருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் அந்தத் தடிப்பு தானே குறைந்துவிடும். சில பிள்ளைகளுக்கு அந்த முதல் நாட்களைத் தாண்டுவதே கஷ்டம். பிறகு இந்த இதயத்துக்குத் திரும்பி வருகிறேன்.

சீனியை நாம் எல்லோரும் அறிவோம். கிளினிக்கில் மிஸ்ஸி கேட்பதும், அட்டையில் எழுதுவதும், பதுளை, தியத்தலாவை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும்போது குறிப்பிடுவதும் சீனியைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வகுத்த அளவுப்படி வெறும் வயிற்றில் குருதி டெசிலீற்றருக்கு 92 மில்லிகிராம், 75 கிராம் குளுக்கோசு குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இதில் ஒன்று எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு. சென்னையில் வி. சேஷையா அவர்கள், சாப்பிட்டுவிட்டு வந்த தாயையும் திருப்பி அனுப்பாமல் அதே 75 கிராமைக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் 140 என்ற ஒரே அளவோடு பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒரு நாள் பேர் போனால் வீட்டில் ஒரு வேளை குறையும் தாய்க்கு அந்த முறையின் அருமை புரியும்.

ஆனால் பிள்ளைக்குப் போவது சீனி மட்டுமா? சிக்காகோவின் நோர்பர்ட் ஃபிரைங்கல் 1980 இல், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங்கின் பெயரால் நடக்கும் சொற்பொழிவில், தாயின் நீரிழிவு சீனியை மட்டும் குழப்புவதில்லை, புரதச் சத்தையும் கொழுப்பையும் சேர்த்தே குழப்புகிறது என்று வாதிட்டார். பிள்ளை அந்தக் கலவை முழுவதிலும் ஊறி வளர்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் எந்தத் தாய்க்கும் ட்ரைகிளிசரைட்டு என்ற குருதிக் கொழுப்பு இரண்டு மூன்று மடங்கு ஏறும். அது இயற்கை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத தாய்க்கு அதற்கு மேலும் ஏறும். பிள்ளையின் உடம்பில் கொழுப்பு படிவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான். மூன்றரைக் கிலோவில் பிறக்கும் பிள்ளையில் ஏறக்குறைய அரைக் கிலோ கொழுப்பு. அவ்வளவு கொழுப்போடு பிறக்கும் உயிரினங்கள் உலகத்தில் அதிகமில்லை.

இங்கே ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். இரண்டாவது பிள்ளை, ஏழு மாதம், சீனி கண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தாள். சாப்பாட்டுக்குப் பின் பார்த்த சீனி முன்பைவிட ஏறியிருந்தது. முகம் வாடிப்போயிருந்தது.

"சொன்னபடியேதான் இருக்கேன் டொக்டரம்மா. சீனி போடுறதே இல்ல. எண்ணெ, தேங்கா எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன்."

"அப்ப காலையில என்ன சாப்பிடுற?"

"ரொட்டிதான். வெறும் மாவுல சுடுறேன். தேங்காப்பூ போடுறதில்ல. சம்பலும் இல்ல."

"எத்தன ரொட்டி?"

சற்று யோசித்தாள். "முந்தி ரெண்டு. இப்ப மூனு, நாலு. பசி தாங்கல."

யாரோ ஒருவர் அவளிடம் "கொழுப்பைக் குறை" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடுதான். அவள் சொன்னதைக் கேட்டாள். கோதுமை மாவோடு கலந்து, சீனி ஏறும் வேகத்தைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருந்த தேங்காய்ப்பூவையும் அதன் நாரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை மாவால் நிரப்பிவிட்டாள். கொழுப்பு இருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். வெறும் மா ரொட்டி விரைவில் செரித்துச் சீனியாகும், விரைவில் பசிக்கும். அந்தத் தாயிடம் எவ்வளவு சீனி என்று கேட்ட நாங்கள், என்ன கொழுப்பு என்று ஒருநாளும் கேட்கவில்லை. நான் இன்று பேச வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. வீட்டுக்குக் கைமரமும் மரம்தான், அடுப்பில் வைக்கும் விறகும் மரம்தான். உடம்பிலும் எரிவதற்கு ஒரு கொழுப்பு, கட்டுவதற்கு ஒரு கொழுப்பு. தேங்காய் எண்ணெய், பாம் எண்ணெய், மாஜரீன், நாம் கடையில் வாங்கும் பொரித்த வடை, ரோல்ஸ் எல்லாம் பெரும்பாலும் விறகு. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. கைமரமாக நிற்பவற்றில் தலையாயது டி.எச்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் மீன்கொழுப்பு. 22 காபன் அணுக்களைக் கோத்த சங்கிலி, ஆறு இடத்தில் இரட்டைப் பிணைப்பு. அதனால் அது எப்போதும் வளைந்து நெளிந்து இளகியே நிற்கும். பிள்ளையின் மூளையும் கண்ணின் விழித்திரையும் கட்டப்படுவது அதைக்கொண்டு. பிள்ளையால் அதைப் போதுமான அளவு தானே செய்துகொள்ள முடியாது. தாய்தான் கொடுக்க வேண்டும். அதைப் பெருமளவு கேட்பதும் கடைசி மூன்று மாதத்தில்.

நீரிழிவு கை வைக்கும் இடம் சரியாக இதுதான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கர்ப்பகால நீரிழிவுள்ள தாய்மாரை ஆராய்ந்தபோது, தாயின் குருதியில் டி.எச்.ஏ. குறைவில்லாமல் இருந்தும் பிள்ளையின் செங்குழியங்களில் குறைந்திருந்தது. பொருள் வாசல்வரை வந்துவிட்டது, உள்ளே போகவில்லை. ஏன் என்பதற்கு விடை பிறகு மெல்ல மெல்லத் துலங்கியது. 2014 இல் சிங்கப்பூரில் டேவிட் சில்வரின் குழு, டி.எச்.ஏ.யை மூளைக்குள் ஏற்றிச் செல்லும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தது. மூளையின் வாசலில் நிற்கும் சுமைதூக்கி அது. அதே புரதம் சூல்வித்தகத்திலும் இருக்கிறது. ஸ்பெயினின் மூர்சியாவில் எல்விரா லார்க்கேயும் அவரோடு சேர்ந்தவர்களும் 2017 இல், நீரிழிவுத் தாய்மாரின் சூல்வித்தகத்தில் அந்தச் சுமைதூக்கி குறைந்திருப்பதைக் காட்டினார்கள். விறகு தாராளமாக உள்ளே போகிறது. கைமரம் வாசலில் தேங்குகிறது. பிள்ளை பெருத்துப் பிறக்கிறது, கட்டுமானச் சத்தில் மெலிந்து பிறக்கிறது.

இனி அந்த இதயம். வயிற்றில் இருக்கும் வரை பிள்ளையின் இதயம் குளுக்கோசையும் லக்டேற்றையும் எரித்துத் துடிக்கிறது. பிறந்த பிறகு சில நாட்களில் அது அடுப்பை மாற்றிக்கொண்டு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். தெற்கு டகோட்டாவில் சியூ ஃபோல்ஸ் நகரத்துப் பச்சிளங்குழந்தை மருத்துவர் மிஷேல் பாக் தன் குழுவோடு எலிகளில் ஒன்றைச் சோதித்தார். சில தாய் எலிகளுக்கு நீரிழிவு, சிலவற்றுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு, சிலவற்றுக்கு இரண்டும். 2016 இல் வெளிவந்த முடிவில், இரண்டும் சேர்ந்த தாய்க்குப் பிறந்த குட்டிகளின் இதயத் தொழிற்பாடு கெட்டிருந்தது. கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிகளும் பழுதாகியிருந்தன. எலி மனிதர் இல்லை. நம் தோட்டத்துச் சாப்பாடு அந்த எலிகளுக்குக் கொடுத்த சாப்பாடும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த இரவு, சில்லிட்டுப்போன ஒன்பது றாத்தல் பிள்ளையை நினைத்து நான் வெகுநேரம் விழித்திருந்தேன். சீனியும் கொழுப்பும் ஒரே வண்டியில் வந்து இறங்கும்போது அந்தச் சின்ன இதயம் தன் புது அடுப்பை எப்படிப் பற்ற வைக்கும்?

அப்படியென்றால் கொழுப்பை அறவே தள்ளிவிடலாமா? மேலே சொன்ன தாய் அதைத்தான் செய்தாள். எதிர்ப்பக்கத்தில், சோற்றையும் ரொட்டியையும் கடுமையாகக் குறைத்துவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. அப்படிக் குறைத்தால் தட்டில் கொழுப்பின் பங்கு தானாக ஏறிவிடும். கொலராடோவில் டெரி ஹெர்னான்டெஸ், லிண்டா பார்பர் குழுவினர் நீரிழிவுக் கர்ப்பிணிகள் 59 பேரை இரண்டாகப் பிரித்து, எல்லா வேளை உணவையும் தாங்களே கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சக்தியில் 60 சதவீதம் தவிடு நீக்காத தானியம்போல மெதுவாகச் செரிக்கும் மாச்சத்து, 25 சதவீதம் கொழுப்பு. மற்றதற்கு 40 சதவீதம் மாச்சத்து, 45 சதவீதம் கொழுப்பு. 2023 இல் வந்த முடிவில் இரண்டு பிரிவிலும் பிள்ளைகளின் உடற்கொழுப்பில் வேறுபாடு இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். சோற்றைக் கண்டு நடுங்க வேண்டாம், தேங்காயைக் கண்டும் நடுங்க வேண்டாம். தட்டில் இருப்பது எந்த மாச்சத்து, எந்தக் கொழுப்பு என்று பார்க்கலாம்.

மீன்எண்ணெய்க் குளிசை விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே எடுக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில் டி.எச்.ஏ. குளிசை கர்ப்பகால நீரிழிவைத் தடுக்கவில்லை. ஆனால் 70 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த 2018 ஆம் ஆண்டின் கொக்ரேன் அறிக்கையில் ஒரு நல்ல செய்தி இருந்தது. இந்த நீள்சங்கிலிக் கொழுப்பைப் பெற்ற தாய்மாரிடம் 34 வாரத்துக்கு முன் பிள்ளை பிறப்பது 4.6 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்தது. குறைமாதப் பிள்ளையைக் காப்பாற்ற வளைந்து வளைந்து மலைப்பாதையில் ஓட வேண்டிய ஊரில் அந்த எண்ணை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

நாளுக்கு 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. ஒரு கர்ப்பிணிக்குத் தேவை என்பது நிபுணர்களின் பொதுக் கருத்து. 2024 இல் 1,350 ரூபாயாக நின்ற நாட்சம்பளத்தில் அது எங்கிருந்து வரும்? விலை கூடிய பெரிய மீன் வேண்டியதில்லை. சுறா, கொப்பரன்போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணி அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. வெல்லவாயப் பக்கமிருந்து பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஏறி வரும் மீன்காரரின் மலிவான சரக்கான சாளையும் சூடையும்தான் இந்தக் கொழுப்பில் செல்வந்தர்கள். கிழமையில் இரண்டு முறை, பொரிக்காமல் குழம்பில் போட்டால் போதும். டின் மீனிலும் உண்டு. நெத்தலிக் கருவாட்டிலும் ஓரளவு மிஞ்சும். பிரஷர் உள்ள தாய் அதைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். முட்டையின் மஞ்சட்கருவிலும் கொஞ்சம். நம் வீடுகளில் மீனுக்குப் பதில் என்று நம்பி வாங்கும் சோயாமீட் எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்தது. புரதம் நிறைய, அந்தக் கொழுப்பு இல்லை. மீன் தொடாத சைவ வீடுகளில் சோயா எண்ணெய் தரும் ஒமேகா 3 இலிருந்து உடம்பு டி.எச்.ஏ.யைச் செய்துகொள்ளும். ஆனால் சொற்ப அளவுதான். அவர்களுக்கு மட்டும் பாசியிலிருந்து எடுக்கும் குளிசையைச் சிபாரிசு செய்ய நான் தயங்க மாட்டேன்.

தேங்காய்ப்பூவை நான் அந்தத் தாய்க்குத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு ரொட்டி, குரக்கன் மா பாதி கலந்து, தேங்காய்ப்பூ போட்டு. கூடவே ஒரு முட்டை அல்லது பருப்பு. மலைக்குப் போத்தலில் கொண்டுபோகும் சாயத்தண்ணிக்குக் கையில் வைத்துக் கடிக்கும் சீனி மட்டும் வேண்டாம். மாலையில் கடைவடை வேண்டாம். இரண்டு வாரத்தில் சீனி இறங்கியது. அதைவிட எனக்கு நிம்மதி தந்தது அவள் பசி அடங்கியது.

இன்னொரு சிக்கலைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நம் மலைக்கு உரியதாக இருக்காது. அண்ணனைப்போல ஒன்பது றாத்தல் பிள்ளை நம்மிடையே குறைவு. நம் நீரிழிவுத் தாய்க்குப் பிறப்பது இரண்டே முக்கால் கிலோப் பிள்ளையாகவும் இருக்கலாம். புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக், சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். புனேயில் சராசரி 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேப் பிள்ளை தசையில் மெலிந்தது, தோலடிக் கொழுப்பில் மெலியவில்லை. ஒல்லிக்குள் கொழுப்பு. மைசூரில் ஹோல்ட்ஸ்வேர்த் ஆஸ்பத்திரியில் 1997-98 காலத்தில் கர்ப்பமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, நீரிழிவுத் தாயின் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, ஒன்பது பத்து வயதிலேயே கொழுப்பும் இன்சுலினும் கூடியிருந்தன. நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவெடுப்பில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 31.7 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாட்டின் சராசரி 17.3. அப்படிக் குட்டையாக வளர்ந்த பெண்பிள்ளை, பிறகு மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் கொண்டு உடம்பை நிறுத்திவைத்து, இருபத்தைந்து வயதில் கிளினிக்கில் வந்து நிற்கிறாள். தராசு அவளுக்குக் குறைவில்லை என்கிறது. அவள் பிள்ளைக்கும் குறைவில்லை என்கிறது. தராசை மட்டும் நம்பித்தான் நாங்கள் அண்ணனை இழந்தோம்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி இதே கொஸ்லந்தையின் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வயிற்றிலிருந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேரும் வயதைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள். அப்படியான நேரங்களில் நிவாரண உலர் உணவுப் பொதியில் அரிசி, மா, சீனி, பருப்பு என்று அடுக்கும் கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை, அப்படி ஒன்று வராமல் இருக்க வேண்டும், ஆனால் வந்தால், கர்ப்பிணியின் பொதியில் சீனியின் இடத்தில் இரண்டு டின் மீன் வையுங்கள்.

பிறந்த பின்னும் இந்தக் கொழுப்பின் பயணம் முடிவதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கொழுப்பு. அது என்ன கொழுப்பு என்பதைத் தாயின் தட்டு தீர்மானிக்கிறது. வாசலில் தேங்கிய கைமரத்தை உள்ளே கொண்டுசேர்க்கக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு அது. நீரிழிவுத் தாய்க்குப் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். அந்த இரண்டு நாளில் பால்மாப் பேணியைத் தூக்கிவிடாமல் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இந்த நாட்டு மகப்பேற்று நலச் சட்டம் 84 நாள் லீவு தருகிறது. வேலைக்குத் திரும்பிய பின், ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளையும் தருகிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். மேல் மலையிலிருந்து காம்பராவுக்கு இறங்கவே இருபது நிமிடம் என்றால் அந்த அரை மணி நேரம் யாருக்கு?

கர்ப்பகால நீரிழிவு கண்ட தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. பிள்ளை பெற்று ஆறாவது வாரம் திரும்ப வந்து சீனி பார்க்கச் சொல்கிறோம். நான் தேங்காய்ப்பூ திருப்பிக் கொடுத்த தாய் அதற்கு வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஊசி போடப் பிள்ளையைத் தூக்கி வந்தபோது காரணம் கேட்டேன். பச்சை உடம்போடு கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வெறும் வயிற்றில் இரண்டு பஸ் மாறி, இரண்டு மணி நேரம் காத்திருந்து திரும்ப வேண்டும். கூட வருகிற மாமியாருக்கு அன்றைக்குப் பேர் போகும் என்றாள்.

இந்த அறக்கட்டளையின் இவ்வருடப் பணத்தில் எனக்குத் தருவதாகச் சொன்ன சன்மானத்தை நான் வாங்கவில்லை. குழுவினரிடம் பேசிவிட்டேன். அதில் ஒரு குளுக்கோசு மானி, குருதி பார்க்கும் பட்டிகள், 75 கிராம் குளுக்கோசுப் பொதிகள். ஆறாவது வாரத்துக்குரிய தாய்மாரை லயத்து வாசலிலேயே பார்ப்போம், மிஸ்ஸிமாரும் நானும், மாதத்தின் முதல் ஞாயிறு. குளுக்கோசு குடித்துக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்களோடு அடுப்படியில் உட்கார்ந்து, நேற்று இரவு சட்டியில் என்ன இருந்தது என்று கேட்கப் போகிறேன்.